பணம் கட்டினாலும் பறவையைத் தரமாட்டார்கள்: முதலமடை வளையமிடும் முகாம்

ஐப்பசியில் கேரள எல்லையில் இருக்கும் முதலமடைப் பக்கம் ஒரு மாந்தோப்பில், பறவைகளைப் பிடித்துக் காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்கவிடும் முகாமுக்குப் போகலாமா என்று கோவிந்தாபுரம், பொள்ளாச்சி நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் குருவியைக் கையில் வைத்துப் போட்டோ எடுக்கும் ஆசையோடு போகாதீர்கள். சாப்பாட்டோடு சேர்த்து 600 ரூபாய் கட்டினாலும் தொட விடமாட்டார்கள். நான் இந்த முகாமைச் சிபாரிசு செய்வதே அதற்காகத்தான்.

விடிவதற்குள் வலை கட்டிவிடுகிறார்கள். இரண்டு கம்புகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு வலை. நிழலில் இருந்தால் நம் கண்ணுக்கே தெரியாது. குறுக்கே ஓடும் கயிறுகளில் வலை கொஞ்சம் தொய்ந்திருக்கும். மோதுகிற குருவி அந்தத் தொய்வில் விழுந்து கிடக்கும். அரை மணிக்கு ஒருமுறை சுற்றிவந்து பார்க்கிறார்கள். நான் போன அன்று ஒன்பதரை மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. உடனே எல்லா வலைகளையும் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். நனைந்த சிறகோடு வலையில் கிடந்தால் குருவி விறைத்துப் போகும். தூரத்திலிருந்து வந்த சிலருக்கு முகம் சுருங்கியது; தூறல் நின்ற பிறகுதான் மறுபடி விரித்தார்கள்.

வலையிலிருந்து எடுத்து, வளையம் மாட்டும் மேஜைக்கு முதலில் வந்தது ஒரு பிளைத் நாணல் கதிர்க்குருவி. துணிப்பையிலிருந்து எடுத்த அக்கா, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து வரும்படி பிடித்தார். அலுமினிய வளையத்தைத் துளை வைத்த குறடால் காலில் மெதுவாக மூடினார். வளையத்தில் ஒரு எண்ணும், பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தகவல் சொல்லும்படி ஒரு வரியும் பொடி எழுத்தில் இருக்கின்றன. சிறகு 62 மில்லிமீட்டர். தலைகீழாக ஒரு சின்ன டப்பாவில் விட்டு நிறுத்தார்கள்: 11 கிராம். அப்புறம் வயிற்றுப் பக்கம் மெல்ல ஊதினார். இறகு விலகியதும் கண்ணாடித்தாள் போன்ற தோல் தெரிந்தது. நெஞ்செலும்புக்கு மேலே உள்ள குழிதான் மஞ்சளாகக் கொழுப்பு இருக்க வேண்டிய இடம். இதற்கு அனேகமாக ஒன்றுமே இல்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை குஞ்சு பொரிக்கும் இனம் இது. வழியெல்லாம் அந்தக் கொழுப்பை எரித்துத்தான் இங்கே வந்து சேர்கிறது. என் தோப்பிலும் வேலியோரம் ‘டக், டக்’ என்று கத்திக்கொண்டிருப்பது இதுதான். இப்படி வந்து சேர்கிற ஜீவன் என்று தெரிந்த பிறகு, அந்த வேலிப்புதரை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன், “அக்கா, ஒருதரம் தொட்டுக்கட்டுமா?” என்றான். “வேண்டாங் கண்ணு, நெஞ்சு எப்படி அடிக்குது பாரு. சீக்கிரம் விட்டுடணும்” என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய்க் கையைத் திறந்தார். பையன் கோபித்துக்கொள்ளவில்லை, பறந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பகலில் ஒரு பழுப்புக் கீச்சான் வந்தது. பிடித்தவர் விரலை நன்றாகவே கடித்தது. ஆறுமணிக்குருவி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம், வரவில்லை. சாயங்காலம் தோப்புக்குள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்டது. அது இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு இந்தப் பக்கம் வருவது.

குறை என்றால் மதிய வகுப்புதான். டென்மார்க் ஆசிரியர் மார்ட்டென்சன் 1899இல் மைனா இனத்துப் பறவைகளுக்கு எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டியதில் ஆரம்பித்து, 1959இல் பறவையியலாளர் சாலிம் அலி தொடங்கிவைத்த வலசை ஆய்வு வரை நல்ல விஷயங்கள் இருந்தன. ஆனால் எல்லாம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும். வந்தவர்களில் பாதிப் பேர் எல்லையோரத் தமிழர்கள். அந்த அக்காவையே தமிழில் பேச விட்டிருக்கலாம். சின்னக் குருவிகளில் வளையம் மாட்டியவை திரும்பக் கிடைப்பது மிக அபூர்வம், அப்படியிருந்தும் ஏன் செய்கிறோம் என்று அவர் மேஜையருகே சொன்னது வகுப்பில் வரவே இல்லை. எடையும் சிறகளவும் கொழுப்பும் வருஷா வருஷம் பதிவானால், பறவை திரும்பக் கிடைக்காவிட்டாலும், எப்போது வருகிறது, என்ன நிலையில் வருகிறது என்பது தெரிந்துவிடும் என்றார்.

வனத்துறை அனுமதிக் கடிதத்தை நுழைவிலேயே ஒட்டியிருக்கிறார்கள். வேறு எங்காவது இப்படி முகாம் என்று கூப்பிட்டால் முதலில் அதைக் கேளுங்கள். அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம்.

பொள்ளாச்சியிலிருந்து வருபவர்கள் முந்தின நாளே வந்து தங்கிவிடுவது நல்லது, காலை ஐந்தரைக்குப் பிறகு வலைப் பக்கம் விடுவதில்லை. பச்சை அல்லது மண் நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கேமராவில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். தோப்பில் அட்டை இல்லை, கொசு உண்டு.