இருட்டில் படம் எடுக்க நிக்கான் 35 மி.மீ. எஃப்/1.8: எந்த பாடிக்குப் பொருந்தும்?

வெளிச்சம் கம்மியான இடத்தில் எடுக்கிற படமெல்லாம் கலங்கி வருகிறது, கேமரா பாடியை மாற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கையில் இருப்பது டி3500, டி5600 மாதிரி ஒரு நிக்கான் கிராப் சென்சார் பாடி (படத்தைப் பதிவு செய்யும் சென்சார் பழைய ஃபிலிம் ஃப்ரேமைவிடச் சின்னது, நிக்கான் இதை டிஎக்ஸ் என்கிறது) என்றால், பாடி அப்படியே இருக்கட்டும், முதலில் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி லென்ஸை வாங்கி மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன். 2009-ல் வந்தது, பழசுதான். ஆனாலும் இந்த பாடிகளுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற லென்ஸை நான் வேறு பார்க்கவில்லை, 200 கிராம்தான் என்பதால் கழுத்தில் தொங்குவதும் தெரியாது.

பாடியோடு வரும் 18-55 கிட் லென்ஸை 35-ல் வைத்தால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துளை, எஃப்/4.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). இது எஃப்/1.8 வரை திறக்கும், அதாவது ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சம். ஒற்றை விளக்கு எரிகிற அறையில், அதே ஐ.எஸ்.ஓ.வில் (சென்சாரின் ஒளி உணர்வு அளவு), 1/20 நொடி ஷட்டர் கேட்ட காட்சிக்கு இப்போது 1/125 போதும். 1/20-ல் பேசிக்கொண்டிருப்பவரின் கை வெறும் தீற்றலாக விழும், 1/125-ல் விரல்கள் தனித்தனியாகத் தெரியும். கிட் லென்ஸில் விஆர் (அதிர்வுக் குறைப்பு) இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுங்குவதைத்தான் சமாளிக்கும், எதிரே இருப்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே தலைமுறை சென்சார்களுக்குள் ஃபுல் ஃப்ரேமுக்கு (ஃபிலிம் ஃப்ரேம் அளவுள்ள சென்சார்) மாறினால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), இந்த லென்ஸ் தருவதோ இரண்டரை ஸ்டாப்புக்கும் மேல்.

50 மி.மீ. லென்ஸ் வாங்கலாமே என்றால், கிராப் பாடியில் அதன் பார்வை குறுகி 75 மாதிரி ஆகிவிடும், சின்ன அறையில் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டும். அதிலும் பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி வாங்குகிறவர்கள் கவனமாக இருங்கள். அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, டி3500, டி5600 பாடிகளிலும் இல்லை. மாட்டலாம், படமும் எடுக்கலாம், ஆனால் ஆட்டோஃபோகஸ் கிடையாது, இருட்டில் வளையத்தைக் கையால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். டி7500 மாதிரி மோட்டார் உள்ள பாடி என்றால் சரி.

குறை இல்லாமல் இல்லை. முழுசாகத் திறந்து வைத்தால், பளிச்சென்ற விளிம்புகளில் ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் கசியும், கம்மல், கண்ணாடி ஃப்ரேம் போன்ற மின்னுகிற பொருள்களில் இது நன்றாகவே தெரியும், எஃப்/2.8 பக்கம் போனால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம், ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8-ல் ஃபோகஸுக்குள் வருவது சுமார் 6 செ.மீ. ஆழம்தான். முகம் லேசாகத் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மையாகவும் மற்றது கொஞ்சம் மங்கலாகவும் போகலாம், அதனால் இரண்டு பேர் முன்பின்னாக நிற்கிற படத்துக்கு எஃப்/1.8 வேண்டவே வேண்டாம்.

டி3500-ல் இருக்கிற 11 ஃபோகஸ் புள்ளிகளில் நடுவில் உள்ளது மட்டும்தான் கிராஸ் வகை (குறுக்கு, நெடுக்கு இரண்டு விளிம்புகளையும் உணரும்). இருட்டில் மற்றவை தடுமாறும்போதும் அது பிடித்துவிடும், அதைக் கண்ணின் மேல் வைத்துப் பூட்டிவிட்டு ஃப்ரேமைச் சரிசெய்யுங்கள், ஆனால் பூட்டிய பிறகு முன்னும் பின்னும் சாயாதீர்கள், 6 செ.மீ. நினைவிருக்கட்டும். ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வில் குறைந்தபட்ச ஷட்டரை 1/125 என்று வைத்துவிட்டால் மற்றதை பாடி பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ. கூடுவதால் படத்தில் வரும் புள்ளிகளை, அதாவது நாய்ஸை, பிறகு குறைக்கலாம், அசைந்துபோன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பின்னால் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) போகிற எண்ணம் இருந்தால், இந்த மாதிரி லென்ஸை நிக்கான் இசட் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக, கிராப் சென்சார் உள்ள இசட்50-ல் ஆட்டோஃபோகஸோடு இது வேலை செய்யும். இசட்6 மாதிரி ஃபுல் ஃப்ரேமில் மாட்டினால் பாடி தானாகச் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், சுமார் 10 மெகாபிக்சல்தான் மிஞ்சும், அங்கே போகிறவர்கள் இதை விற்றுவிட்டு இசட் 40 மி.மீ. எஃப்/2 பக்கம் பாருங்கள்.