512 எம்பி ரேமில் நான்கு வருடம்: கர்னலின் கனெக்‌ஷன் டேபிள்

512 எம்பி ரேம் உள்ள பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, நான்கு வருடமாக அதைத்தான் ரவுட்டராக ஓட்டுகிறேன். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ரேமில் வைத்திருக்கும் தகவல்கள் எல்லாம் ஒரே மாதிரி இடத்தைத் திருப்பித் தருவதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

கோப்புகளுக்கான கேச் (மறுபடி தேவைப்படலாம் என்று ரேமில் வைக்கும் நகல்), ரேம் தேவை என்றதும் விலகிக்கொள்ளும். கனெக்‌ஷன் டிராக்கிங் டேபிள் விலகாது. ரவுட்டர் வழியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் அதில் ஒரு பதிவு. அதன் காலக்கெடு முடியும்வரை இடம் அப்படியே கிடக்கும். ரேம் கணக்கைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளை இதை கேச் கணக்கில் காட்டாது. கர்னலின் ரேம் விவரக் கோப்பான 'மெம்இன்ஃபோ'வில் 'எஸ்அன்ரிக்ளைம்' (திருப்பி எடுக்க முடியாத கர்னல் நினைவகம்) வரியைப் பார்க்க வேண்டும்.

முதல் வருடம் ஒருநாள், திறந்திருந்த இணைப்புகள் ஓடின, புதிதாக எதுவும் திறக்கவில்லை. டேபிள் நிரம்பியதால் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) கைவிடுவதாகக் கர்னல் பதிவில் வரி வரியாக வந்தது. சரி என்று டேபிளின் வரம்பை 5 லட்சம் பதிவுகளாக உயர்த்தினேன். பதிவுக்கு 300 பைட் என்று வைத்தாலே 150 எம்பி ஆகிறது! சில வாரங்களில் ரேம் தீர்ந்து, கர்னல் என் டிஎன்எஸ் சர்வரை (தளப் பெயர்களுக்கு ஐபி முகவரி தரும் நிரலை) கொன்றது.

வரம்பைவிடக் காலக்கெடுதான் முக்கியம். நிலைபெற்ற டிசிபி (தரவு தவறாமல் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் முறை) இணைப்புக்கு இயல்பான கெடு 4,32,000 விநாடி, அதாவது 5 நாள். முறையாக மூடாமல் அணைந்துபோன ஃபோனின் இணைப்புகள்கூட அதுவரை இடத்தைப் பிடித்திருக்கும். அதை 7,440 விநாடியாகக் குறைத்தேன். லினக்ஸில் டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் பாக்கெட்) 7,200 விநாடிக்கு ஒருமுறை போகும். அதன் மேல் 4 நிமிடம் அவகாசம். தொலைவிலிருந்து கணினியை இயக்க நான் திறந்துவைத்து, சும்மா கிடக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்புகள் இன்றுவரை அறுந்ததில்லை.

கர்னலின் டேபிள்களில் நான் மனதாரப் பாராட்டுவது டிசிபி மெட்ரிக்ஸ் டேபிளை, அதாவது ஒவ்வொரு முகவரிக்குமான இணைப்பில் கற்ற அளவுகளை வைத்திருக்கும் டேபிளை. முன்பிருந்த ஐபிவி4 ரவுட்டிங் கேச்சை (பாக்கெட் போகும் வழிகளின் நினைவை) வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளாலேயே நிரப்பிவிட முடியும், 2012-ல், 3.6 கர்னலில் அதை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்த மெட்ரிக்ஸ் தனி டேபிளுக்குப் போனது. அதில் ஒரு வரிசை 5 பதிவுகளைத் தாண்டி நீண்டால், பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். வீக்கமே இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வேகமான லைனுக்கு மாறிய அன்று, என் மேசைக் கணினியிலிருந்து ஒரு சர்வருக்கு மட்டும் அப்லோடு மந்தமாகவே இருந்தது. பழைய லைனில் கற்ற வேக அளவை அந்தக் கணினியின் மெட்ரிக்ஸ் டேபிள் நினைவில் வைத்திருந்தது. அதைக் காலிசெய்யும் 'ஐபி டிசிபி_மெட்ரிக்ஸ் ஃப்ளஷ்' கட்டளையை அங்கே கொடுத்ததும் அடுத்த இணைப்பிலேயே சரியானது. அப்புறம் ரவுட்டரில் கனெக்‌ஷன் வரம்பையும் 32,768-க்கு இறக்கிவிட்டேன்; அந்த நிரம்பல் செய்தி திரும்ப வரவில்லை.