காப்பித் தோலுக்கு மண்புழு பெட்டா, குவியல் எருவா?

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் காப்பி, நடுவுல சில்வர் ஓக், அதுல மிளகு ஏத்தியிருக்கோம். பழத்தோட தோலை உரிக்கற பல்ப்பர் மெஷின்ல 100 கிலோ பழம் போட்டா கிட்டத்தட்ட 40 கிலோ தோலாவே வெளிய வந்துடும், அப்பா காலத்துல அதை ஓடைப் பக்கம் தள்ளிடுவாங்க, நாத்தம் ஒரு பக்கம், கீழ தண்ணி எடுக்கறவங்களுக்கு கெடுதல் இன்னொரு பக்கம். இனிமே இதை எருவாக்கியே தீரணும்னு 2 வருஷம் மண்புழு பெட் (தோலைப் புழு தின்னு உரமாக்கற பாத்தி) போட்டேன், அடுத்த 2 வருஷம் குவியல். இப்ப நான் குவியல் பக்கம் தாங்க.

மண்புழு உரம் மட்டமில்ல. டீத்தூள் மாதிரி உதிரியா இருக்கும், நாத்துப் பைக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல. பெட், புழு, மேல கொட்டகைன்னு செலவு இருக்கு, அது எல்லாருக்கும் தெரிஞ்சது தான்.

ஆனா தோல் வர்ற நேரம் தான் இடிக்குது. பழம் எடுக்கறது டிசம்பர், ஜனவரி, மொத்தத் தோலும் அப்ப தான் வந்து குவியும், ஆளுங்க எல்லாம் பழம் பறிக்கப் போயிருப்பாங்க. பச்சைத் தோலை அப்படியே புழுவுக்குப் போட்டா சூடேறி செத்துடும், 15, 20 நாள் ஆறவிட்டுத் தான் போடணும், அது ஆறி முடியறப்ப பிப்ரவரி, அங்கிருந்து காப்பிய பூக்க வெக்கிற பூ மழை வர்ற வரைக்கும் மலையில தண்ணிக்கே அலையணும், இதுல புழுவுக்கு தினமும் தெளிக்கணும். ஒரு தடவை சேலத்துல கல்யாணம்னு 4 நாள் கீழ இறங்கிட்டோம், திரும்பி வந்து பாத்தா பெட் ஓரமெல்லாம் காஞ்சு எறும்பு ஏறிடுச்சு, பாதி புழு போச்சு. மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

குவியலுக்கு அந்தக் கவலை இல்ல. ஒரு அடி தோல், மேல கல்யாண முருங்கை கவாத்து பண்ண தழை, சாணிக் கரைசல், கொஞ்சம் மண்ணு, இப்படியே அடுக்கி இடுப்பு உசரம் வந்ததும் சில்வர் ஓக் சருகு போட்டு மூடிட வேண்டியது தான். உள்ள கைய வெக்க முடியாத அளவு சூடாகும், களை விதையெல்லாம் அதுலயே வெந்துடும், புழு பெட்டுல அந்தச் சூடு வராததால விதை அப்படியே தப்பிச்சு தோட்டத்துல முளைக்கும். மாசம் ஒரு தடவை பெரட்டணும், அப்ப காஞ்சிருந்தா தண்ணி. 4 நாள் ஊர்ல இல்லைன்னாலும் ஒண்ணும் ஆகாது. ஜூன்ல செடிக்கு வெக்கிற நேரத்துக்கு மக்கி ரெடியாயிடும். ஒண்ணு மட்டும், காப்பித் தோல்ல சாம்பல் சத்து ஜாஸ்தி, மழையில கரைஞ்சு ஓடிடும், அதனால கோடை மழை வலுத்தா தார்ப்பாய் கட்டாயம்.

மகசூல் இதனால ஏறிச்சுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், 2 வருஷ அனுபவம் தான், அதுல ஒரு வருஷம் பூ மழையே நல்லா பேஞ்சுது. மண்ணு மிருதுவானது மட்டும் கொத்தறப்ப தெரியுது.

நாத்துப் பைக்காக ஒரே ஒரு பெட் மட்டும் வீட்டுக்குப் பின்னால விட்டு வெச்சிருக்கேன். குவியல்ல ரெண்டு பெரட்டு பெரட்டி ஆறின தோலை அதுல போடறேன், அம்மா தான் காலையில தண்ணி தெளிக்கறாங்க.