முன்கண்ணாடியை மாற்றினார்கள், கேமராவைச் சரிபார்க்கவே இல்லை: இரண்டு மாதச் சம்பளம் போச்சு

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்தால் பாதியை விட்டுவிடுவேன். கார் முன்கண்ணாடி மாற்றித் தரும் ஒரு கடையில் என் இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. பணம் மட்டும் போயிருந்தால் நாலு பேரிடம் புலம்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அந்தக் காரில் அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. பல இடங்களில் கிளை, ஆப்பில் புக்கிங், ‘ஒரே நாளில் வேலை முடியும்’ என்று விளம்பரம், அந்த வகைக் கடை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னால் போன லாரியின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்தது. கண்ணாடியில் விழுந்த சின்னப் புள்ளி சில நாளில் குறுக்கே கோடாக ஓடிவிட்டது. பழைய கார் என்றால் கண்ணாடியைக் கழற்றிப் புதியதை ஒட்டினால் வேலை முடிந்தது. என்னுடையது அடாஸ் (ADAS), அதாவது ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதிகள், உள்ள கார். ரியர் வியூ மிரருக்குப் பின்னால், முன்கண்ணாடியோடு ஒட்டிய ஒரு பிராக்கெட்டில் கேமரா உட்கார்ந்திருக்கும். சாலைக் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருத்துவதும் ஸ்பீடு போர்டைப் படிப்பதும் அந்தக் கேமராவை நம்பித்தான். முன்னால் வண்டி நின்றால் தானாக பிரேக் போடுவதும் பெரும்பாலும் அதை வைத்துத்தான். கண்ணாடி மாறினால் கேமரா பார்க்கும் கோணமும் நூலளவு மாறிவிடும். நூலளவுதானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: கேமரா 1 டிகிரி திரும்பியிருந்தால், 100 மீட்டர் தூரத்தில் அது நினைக்கும் இடம் சுமார் 1.75 மீட்டர் தள்ளிப்போகும். கிட்டத்தட்ட ஒரு காரின் அகலம். அதனால்தான் கண்ணாடி மாற்றியதும் கேலிபரேஷன், அதாவது கேமராவின் கோணத்தை அளந்து சரிசெய்யும் வேலை, செய்தாக வேண்டும்.

இதில் பாதியை எனக்கே சொல்லிக் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். நான் நம்பியதும் அதனால்தான். கவுன்டரில் இருந்தவர் அவசரப்படவில்லை. டேப்லெட்டில் படம் படமாகக் காட்டினார். சமமான தரை, காருக்கு முன்னால் ஸ்டாண்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய போர்டு, தரையில் லேசர் கோடு. “டயர்ல காத்து சரியா இருக்கணும், டிக்கில சுமை இருக்கக் கூடாது, போர்டை மில்லிமீட்டர் கணக்குல அளந்து வைப்போம் மேடம். தேவைப்பட்டா ரோட்ல ஓட்டியும் பாப்போம். கேலிபரேஷன் பண்ணாம எந்த வண்டியையும் வெளிய விட மாட்டோம்.” இப்படிப் பேசுகிறவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்? கண்ணாடிக்கு ஒரு தொகை, கேலிபரேஷனுக்குத் தனியாக ஒரு தொகை. இரண்டும் சேர்ந்து என் இரண்டு மாதச் சம்பளம், அதுவும் முழுசாக முன்பணம். பாதுகாப்பு விஷயத்தில் பேரம் பேச மனம் வரவில்லை. கட்டிவிட்டேன்.

மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது அந்தக் கறுப்பு வெள்ளைப் போர்டு சுவரோரம் சாய்ந்து நின்றது. பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. மேலே கூரியர் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் என் காரின் டச் ஸ்கிரீனைத் தட்டிக் காட்டினார். பச்சை எழுத்தில் ‘டிரைவர் அசிஸ்ட் தயார்’ என்று வந்தது. “பாருங்க, ஒரு எரர் இல்ல.” பில்லிலும் கேலிபரேஷன் என்று ஒரு வரி தனியாக அச்சாகியிருந்தது.

நெடுஞ்சாலைக்குப் போனதும் கார் தடத்தின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கக் கோட்டை ஒட்டியே ஓடியது. திருப்பினால் ஸ்டீயரிங் என் கையை எதிர்த்துத் தள்ளியது. ஒரு வளைவில் பக்கத்துத் தடத்தில் பெரிய கன்டெய்னர் லாரி. அதன் சக்கரம் என் ஜன்னல் உயரத்துக்குத் தெரிகிறது, கார் என்னை அந்தப் பக்கமே இழுக்கிறது. பலமாகப் பிடித்து இழுத்தால் ஓட்டுநர் சொன்னபடிதான் கார் கேட்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நொடியில் இதெல்லாம் நினைவுக்கு வருமா? அதற்கு அப்புறம் வெற்றுச் சாலையில், முன்னால் ஒன்றுமே இல்லாதபோது, தானாக பிரேக் விழுந்தது. பின்னால் வந்தவர் ஹார்னை அழுத்தியபடியே கடந்து போனார். அம்மா ஒன்றும் பேசவில்லை, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

சரி, இந்த இழவை அணைத்துத் தொலைப்போம் என்றால் அதற்கு ஒரு பட்டன் கிடையாது. ஸ்கிரீனில் கார் படத்தைத் தொட வேண்டும், செட்டிங்ஸ், அதற்குள் டிரைவர் அசிஸ்ட், அதற்குள் லேன், அப்புறம் ஒரு ஸ்லைடர், அப்புறம் ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு கேள்வி. கார் குலுங்கினால் விரல் பக்கத்துக் கட்டத்தில் விழுகிறது. மறுபடி முதலிலிருந்து. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடிவிடும். ஸ்லைடரைத் தேடும் நேரத்தில் எவ்வளவு தூரம் குருடாகப் போயிருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், 2022-இல் ஸ்வீடனின் ‘வி பிலேகரே’ என்ற கார் பத்திரிகை செய்த சோதனையைப் பாருங்கள். மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டியபடியே ஏசி, ரேடியோ மாதிரி சாதாரண வேலைகள் நாலைச் செய்யச் சொன்னார்கள். பட்டன்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வால்வோவில் 10 நொடியில் முடிந்தது, கார் சுமார் 300 மீட்டர் போயிருந்தது. அந்தச் சோதனையில் கடைசியாக வந்த டச் ஸ்கிரீன் காரில் அதே வேலைகளுக்கு 44 நொடிக்கு மேல் ஆனது, அதற்குள் கார் 1,300 மீட்டரைத் தாண்டிவிட்டது.

அணைத்தாலும் நிம்மதி இல்லை. வண்டியை அடுத்த முறை ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஆன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் தடம் காக்கும் வசதியும் தானியங்கி பிரேக்கும் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அவை ஆன் ஆக வேண்டும். நல்ல நோக்கம்தான், உயிர் காக்கும் சாதனம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோணம் தப்பிய கேமராவோடு அது ஆன் ஆனால் என்ன கதி என்பது எனக்கல்லவா தெரியும்.

மழை வந்ததும் இன்னொன்று வெளிவந்தது. மழை சென்சாரும் அதே கண்ணாடியில்தான் ஒட்டியிருக்கும், நடுவில் ஒரு ஜெல் பேட் வைப்பார்கள். அதில் காற்றுக் குமிழ் நின்றால் சென்சாருக்கு மழையா வெயிலா என்று தெரியாது. கொட்டுகிற மழையில் என் வைப்பர் சும்மா இருந்தது, காய்ந்த கண்ணாடியில் கீச்கீச்சென்று தேய்த்தது. வேகத்தை மாற்ற மறுபடி ஸ்கிரீன்! ஜெர்மனியில் ஒருவர் இப்படி டச் ஸ்கிரீனில் வைப்பரை மாற்றப் போய் சாலையை விட்டு இறங்கி மோதிவிட்டார். 2020-இல் கார்ல்ஸ்ரூ மேல் நீதிமன்றம் அவருக்கு விதித்த அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் உறுதி செய்தது. வைப்பரை ஸ்கிரீனுக்குள் ஒளித்து வைத்தவருக்கு ஒன்றுமில்லை, தேடியவருக்குத் தண்டனை. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் இப்போதுதான் விழித்திருக்கிறது. 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தொட்டுணரக்கூடிய தனிப் பட்டனோ லீவரோ இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும்.

கடைக்குப் போனேன். அன்றைக்கு அவ்வளவு பொறுமையாகப் படம் காட்டிய அதே ஆள் எழுந்துகூட நிற்கவில்லை. “புதுக் கண்ணாடி மேடம், கொஞ்சம் ஓட்டுங்க, தானா கத்துக்கும்.” ஓட்டினேன். கற்றுக்கொள்ளவில்லை. போன் செய்தால், “எதிர் வெயில்ல கேமராவுக்குக் கண்ணு கூசும், அதான்.” இரவிலும் அப்படித்தான் என்றேன். “அப்ப ரோட்ல கோடு சரியில்லாம இருக்கும்.” அடுத்து வந்ததை மறக்கவே மாட்டேன்: “நீங்க ஸ்டீயரிங்கை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க போல மேடம், வீட்ல சாரை ஒரு தடவ ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க.” எத்தனை வருஷமாக ஓட்டுகிறேன் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கேலிபரேஷன் ரிப்போர்ட்டைக் கொடுங்கள் என்றேன். சிஸ்டத்தில் இருக்கிறது, மெயிலில் வரும் என்றார். வரவில்லை. ஆப்பின் கஸ்டமர் கேரில் ஒரு ரோபோ என் புகாரை ‘கண்ணாடியில் கீறல்’ என்று பதிந்துகொண்டு, தீர்ந்தது என்று மூடிவிட்டது.

கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலும் கதவு திறக்கவில்லை. “இது நம்ம கண்ணாடி இல்லையே, இதுல நாங்க கை வெச்சா பொறுப்பு எங்களுக்கு வந்துரும்.” கண்ணாடிக் கடைக்காரர் காரில் கோளாறு என்கிறார், கார்க்காரர் கண்ணாடியில் கோளாறு என்கிறார். நடுவில் என் இரண்டு மாதச் சம்பளம்.

கடைசியில் தெரிந்தவர் சொன்ன ஒரு தனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அந்த மெக்கானிக் ஸ்கேனரை எடுக்கும் முன்பே கேமராவின் கவரைக் கழற்றிப் பார்த்தார். ஒரு பக்கக் கிளிப் முழுசாக உட்காரவே இல்லை. கட்டை விரலால் அழுத்தினார், ‘டக்’ என்று விழுந்தது. அப்புறம் போர்டை அளந்து நிறுத்தி உண்மையான கேலிபரேஷனை ஓட்டினார், முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடையில் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டேன். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது கேமரா ஒயரைப் பிடுங்கினால் எரர் கோட் (பிழைக் குறியீடு) வரும், அதை ஸ்கேனரில் அழித்திருப்பார்கள், அவ்வளவுதான் என்றார். காய்ச்சலில் கிடப்பவனின் தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டு, குணமாகிவிட்டது என்று பில் போட்டிருக்கிறார்கள்! கண்ணாடி மாறியது பல கார்களுக்குத் தெரியவே தெரியாதாம். கேமரா தப்பான கோணத்தில் பார்த்துக்கொண்டே ஸ்கிரீனில் பச்சையாகத் ‘தயார்’ என்று சொல்லும்.

இப்போது கார் நேராக ஓடுகிறது. அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தேன். கடையில் கொடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு பைசா திரும்பவில்லை. ஆப்பில் நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் அழைத்தார். அதை நீக்கினால் அடுத்த முன்கண்ணாடிக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவார்களாம். அடுத்த முன்கண்ணாடிக்கு!

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன், பேங்கிலிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் படிவத்துக்கு இன்றைக்கே பதில் போட வேண்டியிருக்கிறது, அதனால் சுருக்கமாக. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ஸ்கிரீனில் வரும் பச்சையை நம்பாதீர்கள், ஸ்கேனரிலிருந்து வரும் கேலிபரேஷன் ரிப்போர்ட்டைக் கேளுங்கள், அதில் உங்கள் காரின் சேசிஸ் நம்பரும் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். போர்டு வைக்கும்போது பக்கத்தில் நின்று போனில் படம் எடுங்கள், விடமாட்டோம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கண்ணாடி மட்டுமில்லை, பம்பரைக் கழற்றினாலோ சஸ்பென்ஷன் வேலை செய்தாலோ, வீல் அலைன்மென்ட் மாற்றினாலோகூடக் கேலிபரேஷன் தேவையா என்று கேளுங்கள், முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் பல கார்களில் முன்பக்க பம்பரிலோ கிரில்லிலோதான் இருக்கிறது. லேன் அசிஸ்ட்டை எங்கே அணைப்பது என்று வண்டி நிற்கும்போதே பார்த்து வையுங்கள். இதே மாதிரிக் கடையில் உங்களுக்கும் நடந்திருந்தால் பில்லின் படத்தை, பெயரையும் வண்டி எண்ணையும் மறைத்துவிட்டு, கீழே போடுங்கள். என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.