அம்மாவின் விரலுக்கு 30 கேஜ் லான்செட்

அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்ப்பது என் வேலை. சீனி பார்க்கும் மீற்றரோடு வந்த 28 கேஜ் ஊசிகள் முடிந்ததும் கல்லடியில் ஒரு பாமசியில் 30 கேஜ் லான்செட், அதாவது விரல் குத்தும் சின்ன ஊசி, நூறு உள்ள பெட்டி வாங்கினேன். கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும், இது சுமார் 0.3 மில்லிமீற்றர்தான். வலி நன்றாகக் குறைந்துவிட்டது, முன்பு கையை இழுத்துக்கொள்ளும் அம்மா இப்போது கதைத்துக்கொண்டே விரலை நீட்டுகிறார்.

ஆனால் பன்பாய் இழைத்து இழைத்துத் தடித்த தோல் அது. ஊசியைப் பொருத்திக் குத்தும் பேனாவில் ஆழம் 3 வைத்தால் ஒரு பொட்டு இரத்தம்கூட வரவில்லை, 4 வைத்து, இளஞ்சூட்டு நீரில் கை கழுவித் துடைத்து, கையைக் கொஞ்சம் தொங்கவிட்ட பிறகுதான் கடுகளவு துளி திரண்டது. விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள், ஓரத்தில் நோவு குறைவு.

குறை என்றால் ஊசியின் மூடிதான், சிலது இறுக்கம், வயதானவர்களால் திருக முடியாது.

சரி, முக்கியமான விசயம். ஒரு ஊசி ஒரு தடவைக்குத்தான், இரண்டாம் தடவை முனை மழுங்கி நோகும். வீட்டில் இரண்டு பேருக்குச் சீனி என்று ஒரே ஊசியைப் பாவிப்பவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், ஹெப்படைட்டிஸ் பி அப்படியும் தொற்றும். பாவித்த ஊசிகளை நாங்கள் மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு வைக்கிறோம், குப்பை எடுக்க வருகிறவரின் கையில் குத்தக்கூடாது.