டெல்லியில் சாயங்கால மொட்டை மாடி: ஜாமா மசூதியா, குதுப் மினாரா, ஹௌஸ் காஸ் ஏரியா?

மாலையில் மொட்டை மாடி உணவகத்தில் உட்காரக் காட்சிதான் முக்கியம் என்றால் பழைய டெல்லியின் ஜாமா மசூதிப் பக்கம். கையில் மதுக்கோப்பையும் வேண்டும் என்றால் குதுப் மினார் இருக்கும் மெஹ்ரோலி. நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்றால் ஹௌஸ் காஸ். கனாட் பிளேஸை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். கட்டடங்கள் இரண்டு மாடிதான்; தூண் வரிசையும் நடுப் பூங்காவின் பெரிய தேசியக்கொடியும் தவிர அதிகம் தெரியாது. 2017-இல் அங்கே ஒரு பழைய கட்டடத்தின் கூரை இடிந்த பிறகு மாடி உணவகங்களை மூடச் சொன்னதும் நியாயம்தான். அந்தக் கூரைகள் தண்ணீர்த் தொட்டியும் கூட்டமும் தாங்கக் கட்டியவை அல்ல.

ஷாஜகான் 1650-இல் தொடங்கி 1656-இல் முடித்த ஜாமா மசூதி, சுற்றியுள்ள வீடுகளைவிட இன்றும் ஓங்கியே நிற்கிறது. அக்கம்பக்கத்தில் எந்த மாடியில் ஏறினாலும் கும்மட்டங்கள் தெரியும். ஆனால் எந்தத் திசை மாடி என்பதைப் பொறுத்துக் காட்சி மாறிவிடும். கலி குலியான் சந்தில் உள்ள ஹவேலி தரம்புரா எனும் பழைய மாளிகை ஹோட்டல் மசூதிக்கு வடமேற்கே இருக்கிறது. சாயங்கால வெயில் நம் முதுகுப்பக்கமிருந்து போய், கறுப்புக் கோடு போட்ட வெள்ளைப் பளிங்குக் கும்மட்டங்களில் விழும். தெற்கே மட்டியா மஹல் பக்கத்து மாடிகளில் வெயில் இடப்பக்கமிருந்து வரும். மசூதியின் மினார் கோபுரங்களில் ஒரு பாதி மின்னும், மறுபாதி நிழலில் நிற்கும். படம் எடுக்க இரண்டாவது நல்லது, உட்கார்ந்து பார்க்க முதலாவது.

சாப்பாட்டிலும் இரண்டும் வேறு. ஹவேலியின் லகோரி உணவகம் சுத்த சைவம். மயிலாப்பூரிலிருந்து வந்த அத்தை, பெரியப்பாவைத் தயங்காமல் கூட்டிப் போகலாம். மட்டியா மஹல் என்றால் கபாபும், நிஹாரி எனும் இறைச்சிக் குழம்பும்தான்; 1913-லிருந்து இருக்கும் கரீம்ஸ் அந்தத் தெருவை ஒட்டித்தான். இரண்டு பக்கமும் மது கிடையாது. அது குறையே இல்லை: புறாக் கூட்டம் வட்டமடிக்கும்போது, சூரியன் மறைந்ததும் மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு எழும்போது, பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். டெல்லியில் இதற்கு ஈடான மாலை வேறு இல்லை. ஆகஸ்ட் 15 என்றால் வானம் முழுக்கப் பட்டம். அன்று காலை செங்கோட்டைச் சாலைகள் அடைபட்டிருக்கும் என்பதால் மாலையில் போங்கள். சந்துக்குள் கார் நுழையாது. கரோல்பாக்கிலிருந்து ராஜீவ் சௌக்கில் மாறி சாவ்ரி பஜாரில் இறங்கி, சைக்கிள் ரிக்‌ஷா பிடிப்பதே சுலபம்.

மெஹ்ரோலியில் பார்க்க ஒன்றே ஒன்றுதான், 72.5 மீட்டர் குதுப் மினார். அந்த ஒன்று போதும். கால்கா தாஸ் சாலைப் பக்கத்து மதுக்கூடங்களில் மினார் மாடியின் ஒரு ஓரத்திலிருந்து மட்டுமே முழுதாகத் தெரியும். நடு மேசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலைதான். முன்பதிவில் ‘மினார் பக்கம், கைப்பிடிச் சுவர் ஓர மேசை’ என்று சொல்லி உறுதி வாங்குங்கள். தாழ்ந்த சோபா வேண்டாம், சுவர் மறைக்கும். உயர ஸ்டூல் மேசை கேளுங்கள். சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில், வானம் இன்னும் நீலமாக இருக்கையில் விளக்கொளியில் மினார் நிற்கும் நேரம்தான் உச்சம். விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் பின்னால் போவது கூடுதல் அழகு. மூன்றில் செலவு அதிகம் இங்கேதான்.

ஹௌஸ் காஸ் ஏரி, உணவகங்கள் இருக்கும் ஹௌஸ் காஸ் கிராமத்துக்கு மேற்கே இருப்பதால் சூரியன் தண்ணீருக்கு மேலே இறங்கும். கரையோரம் ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் மதரஸாவும் கல்லறையும். ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையம் ஐ.ஐ.டி., அங்கிருந்து ஆட்டோ. குறைகளும் உண்டு. ஏரிக்கு வருவது வசந்த் குஞ்சில் சுத்திகரித்த கழிவுநீர். கோடையில் பாசி பிடித்து நாறும். மழைக்காலம் முடிந்ததும் கொசு, அது டெங்கு பருவமும்கூட. பல கட்டடங்களில் லிஃப்ட் இல்லை, ஒரே ஒரு குறுகிய படிக்கட்டு. முழங்கால் வலிக்காரர்களை ஏற்ற வேண்டாம். கூட்டம் நெருக்கியடிக்கும் சனிக்கிழமை இரவில் யாருமே ஏறாமலிருப்பது நல்லது. தீப்பிடித்தால் இறங்க வேறு வழியில்லை.

பருவம் இந்த வரிசையை மாற்றும். நவம்பர் முதல் ஜனவரி வரை புகைமூட்டத்தில் தூரத்துக் காட்சி முதலில் போய்விடும். அப்போது பக்கத்தில் இருக்கும் கட்டடமே ஜெயிக்கும்: ஜாமா மசூதி தெரியும், மினார் மங்கும், ஏரிக்கு அப்பால் எல்லாம் சாம்பல். அந்த நாட்களில் கரி, விறகு தந்தூருக்கும் தடை வரும். மின்சார அடுப்புக் கபாபில் புகைமணம் எதிர்பார்க்காதீர்கள். நல்ல காலம் பிப்ரவரி, மார்ச், பிறகு மழை ஓய்ந்த மறுநாள். டிசம்பரில் சூரியன் ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடும், ஜூனில் ஏழே காலுக்கு மேல். முக்கால் மணி முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

மது அருந்த டெல்லியில் 25 வயது ஆகியிருக்க வேண்டும். சென்னையில் பொறியியல் முடித்துவிட்டு வந்த 22 வயதுத் தம்பிக்கு பீர்கூடக் கிடைக்காது. அடையாள அட்டை கேட்பார்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மதுவிலக்கு நாட்கள். இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அமைதி வேண்டுவோர் அதற்குப் பிறகு போகலாம். மதுவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, வாட் எனும் மாநில வரி தனி. சேவைக் கட்டணம் கட்டாயமில்லை என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

மே, ஜூனில் போவதானால் முன்பதிவின்போதே உள்ளேயும் மேசை உண்டா என்று கேட்டுவிடுங்கள். ‘ஆந்தி’ எனும் புழுதிக்காற்று சில நிமிடங்களில் வந்துவிடும்; குடை பறக்கும், தட்டில் மண் விழும், எல்லோரும் ஒரே படிக்கட்டுக்கு ஓடுவார்கள்.