டிரம் பேரிங்கில் போலி: அறுவடை வண்டி வைத்திருப்பவர்கள் படித்துவிட்டு ஸ்பேர் வாங்குங்கள்

தை அறுப்புக்கு வண்டியைத் தயார் செய்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆத்தூர் பக்கம். சம்பா அறுப்புக்கு வருடா வருடம் மன்னார்குடிப் பக்கம் வண்டியை ஏற்றிப் போவோம். போன சீசனில் நடுவயலில், கதிரடிக்கும் டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் டிரம் பேரிங் சத்தம் போட ஆரம்பித்தது. வண்டிக்காரர்களின் வாட்ஸப் குழுக்களில் விலைப்பட்டியல் போடும் ஒரு ஸ்பேர் வியாபாரியைக் கூப்பிட்டேன். "கம்பெனி சரக்குண்ணே, கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க" என்றார். கடை விலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பாதி விலை சொல்லியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு பஸ் பார்சலில் அனுப்பினார். பில் கேட்டால் "அப்புறம் அனுப்புறேன்" என்றார். கடைசிவரை வரவில்லை.

பெட்டி, பிளாஸ்டிக் உறை, எண்ணெய்ப் பூச்சு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. மாட்டி ஓட்டிய சில நாளிலேயே கருகல் வாடை. டிரைவர் தம்பி சட்டென்று இன்ஜினை நிறுத்தினான். சுற்றிலும் காய்ந்த வைக்கோல் தூசி அடைந்து கிடக்கும் இடம் அது. சூடேறிய பேரிங்கால் அறுவடை வண்டி தீப்பிடிப்பது உண்டு. திறந்து பார்த்தால் குண்டுகள் நசுங்கி, உள்வளையம் அது மாட்டியிருந்த இரும்புத் தண்டான ஷாஃப்ட்டின் மேலேயே சுற்றி அதையும் தின்றிருந்தது. ஷாஃப்ட்டுக்கு வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்த செலவு பேரிங் விலையைப் போலப் பல மடங்கு. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எங்களை நம்பிக் காத்திருந்த விவசாயியின் நெல் அதற்குள் மழையில் சாய்ந்துவிட்டது. அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

வியாபாரியைக் கேட்டால் "உங்க மெக்கானிக் மாட்டினது சரியில்லை" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

வெர்னியர் வைத்து அளந்து பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பேரிங் நம்பர் 6308 என்றால் உள்ளே 40, வெளியே 90, அகலம் 23 மில்லிமீட்டர். போலியிலும் இதே அளவுதான் இருக்கும். ஏமாற்று இரும்பிலும் அதைக் கடினப்படுத்திய விதத்திலும் உள்ளே வைத்த கிரீஸிலும்தான் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிலர் பழைய பேரிங்கையே பாலிஷ் போட்டு, புது எழுத்துப் பொறித்துப் புதுப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள்.

பேரிங் கம்பெனிகளே இதற்கு ஆப் வைத்திருக்கின்றன. எஸ்கேஎஃப் கம்பெனிக்கு 'எஸ்கேஎஃப் ஆத்தன்டிகேட்', ஷாஃப்ளர் கம்பெனிக்கு 'ஆரிஜின்செக்'. பெட்டியையும் பேரிங்கையும் போட்டோ எடுத்து அனுப்பி அவர்களிடமே கேட்கலாம். மாட்டுவதற்கு முன்னால் அனுப்புங்கள். அதைவிட நல்லது, கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் அங்கீகரித்த டீலர் பட்டியலைப் பார்த்து வாங்குவது. சீசன் நடுவில் அலைய முடியாது. தேய்கிற பேரிங், பெல்ட், ஆயில் சீல் எல்லாவற்றையும் மார்கழியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

லோக்கல் சரக்கை லோக்கல் என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்கும் கடைக்காரர்மேல் எனக்குக் கோபமே இல்லை. பாரம் இல்லாத இடத்துக்கு நானும் அதை வாங்குவேன். ஒரிஜினல் என்று சொல்லி டூப்ளிகேட் கொடுப்பவனைத்தான் சொல்கிறேன்.

பில்லில் பிராண்டு பெயரும் முழுப் பார்ட் நம்பரும் இருக்க வேண்டும். வெறுமனே 'பேரிங் 2' என்று எழுதிய பில்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும்; ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடைப் பெயர் வரும். பணம் கேட்கும் கணக்கின் பெயர் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

"இது தொழில் வண்டி, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்று மிரட்டுவார்கள். சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக வாங்கிய பொருளென்றால் 2019-ம் வருடச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். 2 வருடத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம். போலி பிராண்டு விற்பது 1999-ம் வருட வணிகக் குறிச் சட்டப்படி தனிக் குற்றம். 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை உண்டு. என் பேரிங்கையும் பெட்டியையும் ஜிபே ரசீதையும் பத்திரமாக வைத்து, அந்த பிராண்டு கம்பெனிக்கும் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. வழக்குக்குத் தேவைப்படாத பழைய பேரிங்கை அப்படியே காயலான் கடையில் போடாதீர்கள். வளையத்தை உடைத்து, பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். நல்ல பெட்டிகளைத் தேடி வாங்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது.